பக்கத்துக்கு இரண்டு ரப்பர்

உமைமாவின் மேல்வரிசைப் பற்களைப் பற்றி அவளுடைய அப்பா வக்கார் அகமதுக்குப் பத்தொன்பது வருடமாக ஒரு குறையும் இருந்ததில்லை. கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். இவள் சிரித்தால் முதலில் பல் வரும், பின்னாலேயே முகம் வரும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வாணியம்பாடியிலிருந்து வந்த முதல் சம்பந்தம் போட்டோவைப் பார்த்த கையோடு கழன்றுகொண்டபோதுதான் அந்தக் கேலி கசந்தது. "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. பல்லுதான் கொஞ்சம்..." என்று இழுத்துவிட்டுப் போனாள் சம்பந்தம் பேச வந்த அம்மாள். இழுத்தவள் போய்விட்டாள், இழுவை மட்டும் வீட்டோடு தங்கிவிட்டது. வக்காரின் மனைவி ரஃபத் ஜஹான் இரண்டு நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் உமைமாவே வந்து, "அப்பா, நான் கிளிப் போட்டுக்கறேன்" என்றாள்.

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடியில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் இன்பராஜ் நிதானமான மனிதர். கேட்டதற்கு மேலேயே விளக்கம் சொல்லுவார். பல் எலும்புக்குள் நகர வேண்டும், மாதத்துக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே பெரிய விஷயம், மொத்தம் இரண்டு வருடம் ஆகும் என்றார். வக்கார் தலையை ஆட்டினார். ஒரு வருடம் ஓடியது. கம்பி இறுக்கிய மறுநாளெல்லாம் உமைமா இட்லியைச் சாம்பாரில் கரைத்துக் குடித்துவிட்டுக் காலேஜுக்குப் போனாள். அப்புறம் டாக்டர் ரப்பர் கொடுத்தார். மேலே கோரைப் பல்லில் ஒரு முனை, கீழே கடைவாய்ப் பல்லில் ஒரு முனை என்று மாட்டிக்கொள்ளும் பொடி வளையம். பக்கத்துக்கு ஒன்று; சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுக்க; தினமும் புதுசு.

பேரணாம்பட்டு சம்பந்தம் வந்தது அந்தச் சமயத்தில்தான். பையன் தன்சீல் அகமது, தோல் பதனிடும் கெமிக்கல் விற்கிற கம்பெனியில் சேல்ஸில் இருந்தான். அவனுடைய அம்மா புஷ்ரா நேரில் வந்து பெண்ணைப் பார்த்தாள், கிளிப்பையும் பார்த்தாள். "கிளிப்புதானே, கழட்டினா போச்சு" என்று சிரித்தாள். ரஃபத் ஜஹான் உள்ளே போய் இரண்டு ரக்அத் நஃபில் தொழுது நன்றி சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ரம்ஜான் முடிந்த கையோடு தன்சீலுக்குக் கான்பூருக்கு மாற்றல். போவதற்குள் நிக்காஹை முடித்துப் பெண்ணையும் கூட்டிப் போக வேண்டும். ரம்ஜானுக்கு இருந்தது ஏழு மாதம். டாக்டரிடம் கேட்டார்கள்.

"இன்னும் பத்து மாசமாவது ஆவும் பாய். கிளிப்போட நிக்காஹ் நடந்தா இன்னா? எத்தினியோ பேர் பண்றாங்க."

மணப்பெண் கம்பியைக் காட்டிச் சிரிப்பதா? ரஃபத் ஜஹானுக்கு ஒப்பவில்லை. உமைமா ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கும் ஒப்பவில்லை என்பதற்கு அதுவே போதுமானதாக இருந்தது.

இங்கேதான் வக்கார் அகமதின் தொழில் குறுக்கே வந்தது. இருபத்திரண்டு வருடமாக ஒரே ஷூ கம்பெனியில், ஒரே லாஸ்டிங் செக்‌ஷனில் இருப்பவர் அவர், இப்போது சூப்பர்வைசர். லாஸ்ட் என்பது பாதத்தைப் போலவே செய்த அச்சு. தைத்து வந்த மேல்தோலை அந்த அச்சின் மேல் போட்டு, இழுத்துப் பிடித்து, அடியில் ஒட்டி, சூட்டில் வைப்பார்கள். தோல் முதலில் முரண்டு பிடிக்கும். பிறகு அடங்கி, அச்சின் வடிவத்துக்கு வந்துவிடும். ஷிப்மெண்ட் தேதி கழுத்தை நெரிக்கும்போது அது அடங்கும்வரை காத்திருக்க யாருக்கும் நேரம் இருக்காது. இழுப்பை ஒரு படி கூட்டி, சூட்டை ஒரு படி ஏற்றி, வேலையைப் பாதி நேரத்தில் முடித்து அனுப்புவார்கள். இதில் வக்கார் பாய் கெட்டிக்காரர் என்று பெயர். ஏழு மாதம், பத்து மாதம் என்ற கணக்கு காதில் விழுந்ததும் அவர் மூளையும் வழக்கமான தடத்திலேயே ஓடியது. பல் தோல் இல்லை என்று அந்த மனுஷனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இருபத்திரண்டு வருடம் ஒரே காரியத்தைச் செய்தவனுக்குத் தேதி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், இழுப்பைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி தோன்றாது.

"பக்கத்துக்கு ரெண்டு ரப்பரா மாட்டு பேட்டா" என்றார் மகளிடம்.

"டாக்டர் ஒண்ணுதான்னு சொன்னாரே அப்பா."

"அது எல்லாருக்கும் சொல்றது. நமக்குத் தேதி இருக்குதுல்ல? இழுப்பு ஜாஸ்தி ஆனா சீக்கிரம் செட் ஆவும். செக்கப் போற அன்னிக்கு மட்டும் ஒண்ணு மாட்டிக்கோ."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பிற்பாடு அவரால் விழுங்கவே முடியவில்லை. தெரியாமல் செய்ததற்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். மறைக்கச் சொல்லிச் செய்ததற்கு என்ன சமாதானம் சொல்வது?

முதல் வாரத்திலேயே உமைமா காதுக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "இங்க வலிக்குதுப்பா. பல்லு இல்ல, இங்க."

"வலிச்சா வேலை நடக்குதுன்னு அர்த்தம். ரெண்டு நாள்ல பழகிடும்" என்றார்.

பழகியும்விட்டது. அதற்கப்புறம் அவள் வலி என்று வந்து நிற்கவில்லை. மாதாமாதம் டாக்டர் இன்பராஜ் பார்த்து, "பல்லு நல்லா ஒத்துழைக்குதே!" என்று சந்தோஷப்பட்டார். வக்கார் அகமதுக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை படித்தவருக்கே ஆச்சரியமாக இருக்கும்படி ஒரு காரியத்தைத் தன் கைப்பக்குவத்தால் செய்துவிட்டதாக மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

நாலாவது மாதம் ரஃபத் ஜஹான் கண்டுபிடித்தாள். மாதத்துக்கு வர வேண்டிய ரப்பர் பாக்கெட் பதினைந்து நாளில் காலியாகிறதே என்று மகளைக் கேட்டாள். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரைப் பார்த்தார். அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டை தெருமுனைவரை கேட்டிருக்கும்.

"டாக்டர் ஒண்ணுன்னா ஒண்ணுதான்! என் பொண்ணு வாயா இது, உங்க கம்பெனி ஷூவா?"

"அதான் நல்லா வந்துட்டு இருக்குதே..."

"வர்றது இருக்கட்டும். நீங்க கையை எடுங்க."

எடுத்துவிட்டார். மறுநாள் காலை உமைமாவைக் கூப்பிட்டு, "இனிமே ஒண்ணு போதும் பேட்டா, உங்க அம்மி சொல்றதும் சரிதான்" என்றார். "சரிப்பா" என்றாள். அந்த விஷயம் அத்தோடு முடிந்தது என்று மூன்று பேரில் இரண்டு பேர் நினைத்துக்கொண்டார்கள்.

ரம்ஜான் பிறை தெரிவதற்குப் பத்து நாள் முன்பு கிளிப் கழன்றது. டாக்டர் இன்பராஜே நம்ப முடியாமல் பழைய மோல்டையும் புதிய பல்லையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். உமைமா கண்ணாடியை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நாக்கால் பல்லைத் தடவித் தடவிப் பார்த்தாள். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. வக்கார் அன்றைக்குக் கம்பெனியில் தன் செக்‌ஷன் முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தார். என்ன விசேஷம் பாய் என்று கேட்டவர்களுக்கு, சும்மாதான் என்றார்.

ரம்ஜானில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நோன்பு திறக்கும் நேரத்தில் பேரீச்சம்பழத்தை மெல்லும்போது உமைமாவின் இடது காதுக்கு முன்னால் 'டக்' என்றது. முதலில் அவளுக்கு மட்டும் கேட்டது. அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மிக்கும் கேட்டது. நோன்புக் கஞ்சியை மெல்ல வேண்டியதில்லை என்பதால் மாதம் எப்படியோ ஓடியது. பெருநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஒரு காலையில் சத்தம் நின்றது. வாயும் நின்றுவிட்டது. கொட்டாவி விடப் போனவள் பாதியிலேயே தாடை மாட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வர நின்றாள். சாதாரணமாக ஒரு மனுஷரின் வாய்க்குள் அவருடைய மூன்று விரலை ஒன்றன் மேல் ஒன்றாக நிறுத்தி வைக்கலாம். உமைமாவுக்கு ஒன்றரை விரல்தான் போனது. தைலம் தேய்த்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள், ஓதி ஊதினார்கள். ஒன்றரை ஒன்றரையாகவே இருந்தது.

ஆம்பூரில் பெருநாள் பிரியாணியைக் குழைத்து, கறியைப் பிய்த்துப் பொடியாக்கி, டீஸ்பூனால் ஊட்டிக்கொண்ட பெண் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ரஃபத் ஜஹான் அதைப் பார்க்க மாட்டாமல் அடுப்படிக்குள் போய்விட்டாள். வக்கார் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். எழுந்து போக அவருக்குத் தைரியம் இல்லை.

பெருநாள் முடிந்த நாலாம் நாள் புஷ்ரா தேதி குறிக்க வந்தாள். தட்டில் பழம், பூ, மல்லிகைச் சரம், ஒரு பெட்டி நிறைய மக்கன் பேடா. பேச்சு முடிந்து, பிறந்திருக்கும் ஷவ்வால் மாதம் இருபத்தி நாலாம் தேதி என்று முடிவானதும் வாய் இனிக்கச் செய்ய வேண்டும் அல்லவா? வரப்போகிற மாமியார் தன் கையாலேயே மருமகளுக்கு இனிப்பு ஊட்டுவதுதான் முறை. புஷ்ரா முழுப் பேடாவை, ஜீரா சொட்டச் சொட்ட எடுத்து உமைமாவின் உதட்டருகே கொண்டுபோனாள்.

உமைமா வாயைத் திறந்தாள். பேடா பல்லில் இடித்தது. இன்னும் கொஞ்சம் திறக்கப் பார்த்தாள், கழுத்து நரம்பு புடைத்தது, திறக்கவில்லை. ஜீரா முகவாயில் வழிந்து புதுத் துப்பட்டாவில் சொட்டியது.

"அடேயப்பா, எவ்ளோ வெக்கம் பாருங்க எம் மருமவளுக்கு!" என்று புஷ்ரா பூரித்துப் போனாள். "இந்தக் காலத்துல இப்படிப் பொண்ணு எங்க கிடைக்கும்?" பேடாவைக் கிள்ளி, ஒரு துணுக்கை மட்டும் பல் இடுக்கில் வைத்துவிட்டு, மிச்சத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். ரஃபத் ஜஹானும் சிரித்தாள். உமைமா தலையைக் குனிந்துகொண்டாள். வக்கார் அகமதுக்குத் தன் இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

அவர்கள் போனதும் ரஃபத் ஜஹான் புருஷனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "எதாலன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க" என்றாள். "எனக்குத் தெரியணும்."

அவருக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. அந்த நாலு மாதத்தில் தான் மாட்டச் சொன்ன இரண்டாவது ரப்பர்தான் பெண்ணின் தாடையைப் பிடித்து இழுத்து மாட்டிவைத்துவிட்டதா? ஆமாம் என்றால் ஆமாம் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். அழுது தீர்க்கலாம், அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்யலாம், பெண்ணின் காலில்கூட விழலாம். தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

டாக்டர் இன்பராஜ் தாடையைத் தொட்டுப் பார்த்து முகம் வாடினார். "இது மூட்டுப் பிரச்சினை பாய். கிளிப்பால வருதுன்னு சொல்ல முடியாது. நான் லெட்டர் தர்றேன், வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். அந்த இடத்திலாவது வக்கார் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவருக்கு வாய் நன்றாகவே திறக்கும். திறக்கவில்லை.

வேலூரில் முதல் நாள் ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டோடு ஐந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். நிக்காஹுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. ரஃபத் ஜஹான் பத்திரிகை வைக்கப் போக வேண்டியிருந்ததால் அப்பாவும் மகளும் மட்டும் பஸ் ஏறினார்கள். டோக்கன் வாங்கி, உட்கார்ந்து, எழுந்து, மறுபடி உட்கார்ந்து மதியம் ஆகிவிட்டது. தாடை மூட்டைப் பார்க்கிற டாக்டர் சௌமியா சின்ன வயசுக்காரிதான். உமைமாவின் இரண்டு காதுக்கும் முன்னால் விரலை வைத்துக்கொண்டு, "திற. மூடு. வலப்பக்கம் தள்ளு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே பார்த்தார். சின்ன ஸ்கேலை வைத்து அளந்தார்.

"இருபத்திரண்டு மில்லிமீட்டர். நாற்பது இருக்கணும்" என்றார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டார். "தாடை எலும்புக்கும் மண்டை எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு இருக்கு. அது முன்னாடி நழுவிடுச்சு. முதல்ல நழுவி நழுவித் திரும்பிக்கிட்டிருந்தது, அதான் டக்குன்னு சத்தம். இப்போ திரும்பி வரமாட்டேங்குது. அதனால வாய் பாதிலயே நிக்குது."

"சரியாயிடுமா டாக்டரம்மா?"

"ஒத்தடம், சில பயிற்சி, தூங்கும்போது பல் மேல மாட்டிக்க ஒரு பிளேட். மூணு மாசம் பார்க்கணும். சரிவரலைன்னா ஊசி மூலமா மூட்டைக் கழுவுவோம். நிறைய பேருக்கு வலி போயிடும். வாய் முழுசா திறக்குமான்னா... பாதிப் பேருக்கு மேல திறக்குது. எல்லாருக்கும் சொல்ல முடியாது."

வக்கார் அகமது தொண்டையைச் செருமிக்கொண்டார். "எதால வந்துச்சு?"

டாக்டர் சௌமியா இன்பராஜின் கடிதத்தைப் புரட்டினார். உமைமாவைப் பார்த்து, "ரப்பர் எல்லாம் அவர் சொன்ன மாதிரிதானே போட்டே?" என்று கேட்டார்.

"சொன்ன மாதிரிதான் டாக்டர்" என்றாள் உமைமா. கண் இமைக்கவில்லை.

அப்பாவின் தப்பை மறைக்கிறாள் என்று வக்காருக்குப் புரிந்தது. அந்த ஒரு பொய் அவரை நாற்காலியிலிருந்து தூக்கிவிட்டது. எழுந்து நின்றுகொண்டார்.

"இல்ல டாக்டரம்மா. நான்தான் பக்கத்துக்கு ரெண்டு போட வெச்சேன். நாலு மாசம். டாக்டருக்குத் தெரியாம. வலிக்குதுன்னு சொன்னா, நான் கேக்கல. நிக்காஹ் தேதிக்கு முடியணும்னு நான்தான் அவசரப்பட்டேன். தப்பு என்னோடது. டாக்டர் இன்பராஜ் மேல ஒண்ணும் இல்ல, பொண்ணு மேலயும் ஒண்ணும் இல்ல."

சொல்லி முடித்துவிட்டு, விழப்போகிற ஏச்சுக்காகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். உமைமா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னாள்.

டாக்டர் சௌமியா கடிதத்தோடு வந்திருந்த உறையைப் பிரித்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது. பல் வேரே கரைஞ்சிருக்கும். நல்லவேளை, வேர் நல்லாத்தான் இருக்கு."

"தாடை?"

"தாடைக்கு அதுதான் காரணம்னு என்னால சொல்ல முடியாது ஐயா."

"பரவால்ல, சொல்லுங்க. நான் தாங்கிப்பேன்."

"தாங்கறதுக்காகச் சொல்லல. நெஜமாவே தெரியாது. கிளிப் போட்டவங்களுக்கும் இது வருது, வாழ்நாள்ல பல் டாக்டரையே பார்க்காதவங்களுக்கும் வருது. ஆராய்ச்சி பண்ணிப் பார்த்ததுல ரெண்டு தரப்புலயும் ஏறக்குறைய ஒண்ணாத்தான் இருக்கு. இந்த வயசுப் பொண்ணுங்களுக்குத்தான் ஜாஸ்தி. மனசுல பதற்றம் இருந்தா, தூக்கத்துல பல்லைக் கடிச்சா, அதாலயும் வரலாம்." கடிதத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார். "இதோ, கிளிப் போடறதுக்கு முன்னாடி பரிசோதிச்ச அன்னிக்கே இடது பக்கம் லேசா சத்தம் இருக்குன்னு இன்பராஜ் எழுதியிருக்கார். அப்பவே ஆரம்பிச்சிருக்கலாம்."

"அப்ப ரப்பரால இல்லியா?"

"இல்லைன்னும் சொல்ல முடியாது. அவ்வளவு இழுப்பு நாலு மாசம்... ஏற்கனவே பலவீனமா இருந்த மூட்டுக்கு அது கூடுதலா இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம்."

"என்னாலதான்னு சொல்லிடுங்க டாக்டரம்மா." அவர் குரல் உடைந்தது. அறுபது பேர் வேலை செய்யும் செக்‌ஷனை ஒரு அதட்டலில் நிறுத்துகிற குரல் அது. "வீட்ல கேட்டு அனுப்பியிருக்காங்க. நான் போய்ச் சொல்லணும்."

"அப்படிச் சொன்னா அது பொய்யாயிடும் ஐயா" என்றார் டாக்டர் சௌமியா. இரக்கத்தோடுதான் சொன்னார். வெளியே அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

பயிற்சி சொல்லிக் கொடுக்க ஒரு அறை, பிளேட்டுக்கு அளவெடுக்க ஒரு அறை என்று அலைந்து முடித்து அவர்கள் ஆம்பூர் பஸ்ஸில் உட்கார்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வக்காருக்கு உடம்பிலிருந்து ஏதோ கழன்றுவிட்ட மாதிரி இருந்தது. இத்தனை நாள் குற்றவாளி என்ற நினைப்பாவது அவரை நிமிர்த்தி வைத்திருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால், எதற்கென்று கேட்பது? நிம்மதியாக இருக்கலாம் என்றால், பக்கத்தில் பெண் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து, கிள்ளிக் கிள்ளிப் பல் இடுக்கில் செருகிக்கொண்டிருக்கிறாள்.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் பஸ் வரிசையில் நின்றது. "நாளைக்குப் பேரணாம்பட்டு போறேன்" என்றார். "புஷ்ராம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். வெக்கம்னு நினைச்சிக்கிட்டு இருக்காங்க. அப்படியே விட்டா நாளைக்கு உன்னைத்தான் கேப்பாங்க. அவங்க என்னா முடிவெடுத்தாலும் எடுக்கட்டும்."

"என்னான்னு சொல்வீங்க?"

"என்னால வந்துச்சுன்னு சொல்வேன். டாக்டரம்மா சொல்லாட்டி போவட்டும். எனக்குத் தெரியும்."

உமைமா பிஸ்கட்டைக் காகிதத்தில் மடித்து வைத்தாள்.

"அப்படிச் சொல்லாதீங்கப்பா. உங்களால இல்ல."

"எனக்கு ஆறுதல் சொல்ல வேணாம் பேட்டா."

"ஆறுதல் இல்ல." அவள் பல்லைத் திறக்காமலேயே பேசினாள், இப்போதெல்லாம் அப்படித்தான் பேச வந்தது. "நீங்க நிறுத்தச் சொன்னீங்களே, அதுக்கப்புறம் நான் நிறுத்தல. மூணா போட்டேன். பக்கத்துக்கு மூணு."

வக்காருக்கு உடனே விளங்கவில்லை. "ரப்பர் ஏது? அம்மிதான் பாக்கெட்டை எண்ணிட்டு இருந்தாளே?"

"கிளினிக் அக்காகிட்ட தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி வாங்கினேன். அம்மிக்குத் தெரியாம காலேஜ் பையில வெச்சிருந்தேன். கழட்டற வரைக்கும் போட்டேன்."

"ஏன்?" என்று கேட்டார். "வலிக்கலையா?"

"வலிச்சுது. ரொம்ப வலிச்சுது. வலிச்சா வேலை நடக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன்." விரலால் முன்சீட்டின் கம்பியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "உங்களுக்காகவும் இல்ல, அம்மிக்காகவும் இல்லப்பா. எனக்கே அவசரம். அவர் போன்ல வீடியோவுல வர்றப்பல்லாம் நான் கையால வாயை மூடிக்கிட்டே பேசுவேன். கையை எடுன்னு சொல்வார், எடுக்க மாட்டேன். நிக்காஹ் அன்னிக்கு மூடாம சிரிக்கணும்னு ஆசையா இருந்துச்சு. அவ்ளோதான்."

டாக்டரிடம் அவள் இமைக்காமல் சொன்ன பொய் யாருடைய தப்பை மறைப்பதற்காகச் சொன்னது என்று வக்காருக்கு அப்போதுதான் புரிந்தது. தான் மட்டும் எரிந்துகொண்டிருப்பதாக நினைத்திருந்தாரே! இருபது வயதுப் பெண், பெருநாளன்று டீஸ்பூனால் சோற்றை ஊட்டிக்கொண்டபோதும், மாமியார்க்காரி கையில் பேடாவோடு நின்றபோதும், இதே கேள்வியை உள்ளுக்குள் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். அதை யாரிடமும் கேட்க அவளுக்கு வழியில்லாமல் போயிற்று. இவர் எழுந்து நின்று தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டபோது அவள் சட்டையைப் பிடித்து இழுத்தது எதற்காக என்று இவர் யோசிக்கக்கூட இல்லை. குற்றத்தில்கூடத் தன் பங்கைத்தான் பார்த்தார்.

பஸ் டோல்கேட்டைத் தாண்டி வேகம் எடுத்தது. மாதனூர் நிறுத்தத்தில் கம்பெனி விட்டு வந்த பெண்கள் டிபன் பைகளோடு ஏறினார்கள். அவர்கள் உட்கார்ந்து, பேச்சும் சிரிப்பும் அடங்கட்டும் என்று காத்திருந்தவள் போல உமைமா அவர் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"சொல்லுங்கப்பா. அப்ப என்னாலதானே?"

ஆமாம் என்றால் அவளால் தாங்க முடியாது. இல்லை என்றால் நம்ப மாட்டாள். அவருடைய மகள் அல்லவா?

"அப்படிச் சொல்ல முடியாது பேட்டா" என்றார் வக்கார் அகமது. "டாக்டரம்மா சொன்னாங்கல்ல? இருக்கலாம்... இல்லாமயும் இருக்கலாம்."

அவள் பார்வையை எடுக்கவில்லை. இன்னும் ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.